ஊரார் பிள்ளைகளை வளர்த்தவர்

பாய்ஸ் கம்பெனி காலமாகி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. இன்னும் அவருக்காக யாரும் முறையாக உட்கார்ந்து அழவில்லை. சாவு ஒரே நாளில் நடக்காததுதான் காரணமாக இருக்க வேண்டும். ஒரு சபை கடனில் மூடியது, இன்னொன்று நல்ல நடிகர்களையெல்லாம் சினிமாவுக்குக் கொடுத்துவிட்டுப் படுதாவைச் சுருட்டியது, மற்றொன்று ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருந்து ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு எந்த ஊரிலும் காணப்படவில்லை. செத்த நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் இறைப்பது நம் வழக்கம். இந்தக் கட்டுரையையும் அந்தக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

அவர் பிறந்தது பெரியவர்கள் மேல் வந்த சலிப்பில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தமிழ் நாடக மேடை வளர்ந்த ஆட்களின் கையில் இருந்தது. பாட்டில் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் ஒருவர் குடித்துவிட்டு வருவார், ஒருவர் வரவே மாட்டார், இன்னொருவர் கதையை நடுவழியில் நிறுத்திவைத்து எதிரில் நிற்பவரோடு விடிய விடியத் தர்க்கம் செய்வார். எழுதிக்கொடுத்த வசனம் எழுதியபடி மேடையேறியதே அபூர்வம். சொன்னதைக் கேட்கிற வயதில் இருப்பவர்களைச் சேர்த்துக்கொண்டால் என்ன என்று சிலர் யோசித்தார்கள். ஆறு ஏழு வயதுப் பையன்களைச் சேர்த்து, சோறு போட்டு, பாட்டும் வசனமும் பாடம் பண்ணவைத்து, ராஜா முதல் ராணி வரை எல்லா வேடத்தையும் அவர்களுக்கே கொடுத்து நடத்தும் பாலர் சபைகள் அப்படித்தான் உருவாயின. மதுரைதான் தாய்வீடு. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, ஜெகந்நாத ஐயரின் மதுரை பால மீன ரஞ்சனி சங்கீத சபா, மதுரை தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா, பிற்பாடு நவாப் ராஜமாணிக்கத்தின் மதுரை தேவி பால விநோத சங்கீத சபா என்று எந்தப் பெயரைப் பார்த்தாலும் முன்னால் மதுரை நிற்கும். நம் தேனியும் கம்பமும் 1996 வரை மதுரை மாவட்டம்தான். முல்லையாற்றுத் தண்ணீர் வைகையில் கலந்து மதுரைக்குத்தான் போகிறது. அந்த முறையில் அவர் நமக்கு அந்நியரும் இல்லை.

அவருக்கு எழுத்து அறிவித்தவர் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். 1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபாவும் 1918-ல் தத்துவ மீனலோசனி சபாவும் அவர் முன்னின்று தொடங்கியவை. சுவாமிகள் வேடம் கட்டிய நாட்களைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். சனீசுவரன் வேடத்தோடு விடிகாலையில் குளத்துக்குப் போனவரைப் பார்த்துப் பயந்து ஒரு பெண் உயிரைவிட்டாளாம். எமன் வேடத்தில் அவர் போட்ட அதட்டலில் கூட்டத்தில் இருந்த ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துவிட்டதாம். அதோடு வேடத்தை விட்டு, சொல்லிக்கொடுக்கும் வாத்தியாராகிவிட்டார் என்று கதை முடியும். எவ்வளவு நிஜம் எவ்வளவு மெருகு என்று ஆராயப் போவதில்லை. பெரியவர்களையே நடுங்கவைத்த ஒருவர் சின்னப் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தார் என்பது வரைக்கும் போதும். தத்துவ மீனலோசனி சபாவில் டி.கே. சண்முகம் என்ற சிறுவனுக்குப் பொருத்தமான நாடகம் வேண்டுமென்று ஓர் இரவு உட்கார்ந்தவர், விடிவதற்குள் பாட்டும் வசனமுமாக அபிமன்யு சுந்தரியை எழுதி முடித்துவிட்டார் என்பதை அந்தச் சிறுவனே பெரியவனாகி எழுதிவைத்திருக்கிறார். மற்றவர்கள் தூங்கி எழுந்து பல் துலக்கும் நேரத்தில் பக்கங்கள் தயாராக இருந்தன. பிறகு சுவாமிகளுக்குப் பக்கவாதம் வந்து பேச்சும் போயிற்று. 1922 நவம்பர் 13-ல் புதுச்சேரியில் காலமானார்.

கம்பெனி வீட்டுக்குள் எட்டிப் பார்க்காமல் அவர் வாழ்க்கையைச் சொல்லி முடிக்க முடியாது. முகாம் போட்ட ஊரில் ஒரு பெரிய வீட்டை வாடகைக்குப் பிடிப்பார்கள். இருபது முப்பது பையன்கள், ஒன்றிரண்டு வாத்தியார்கள், சமையல்காரர், ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர், சீன் எழுதும் ஓவியர், தையற்காரர் எல்லாருக்கும் அதுதான் வீடு. காலையில் எழுந்ததும் குளியல், சாமி கும்பிடுதல், பிறகு ஆர்மோனியத்துக்கு எதிரே உட்கார்ந்து பாட்டு. பாட்டு முடிந்ததும் பாடம். தன்னுடைய வசனத்தை மட்டும் படித்தால் போதாது. எதிர்ப் பாத்திரத்தின் கடைசி வார்த்தை எது, அது எந்தக் குரலில் வரும், அது காதில் விழும்போது கை எங்கே இருக்க வேண்டும் என்று எல்லாம் மனப்பாடம் ஆக வேண்டும். லகரமும் ழகரமும் ளகரமும் தனித்தனியாகக் கேட்காவிட்டால் தலையில் குட்டு விழும். பகலில் தூங்கி, இரவு அரிதாரம் பூசி, கேஸ் லைட் வெளிச்சத்தில் நடித்து, தன் காட்சி முடிந்ததும் படுதாவுக்குப் பின்னால் பெட்டி மேல் சாய்ந்து கண்ணயர்ந்து, அடுத்த காட்சிக்கு யாராவது தட்டி எழுப்பக் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு ஓடுகிற எட்டு வயது ராஜாக்கள் அவர்கள். ஒலிபெருக்கி கிடையாது. தகரக் கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கட்டுக்கும் வசனம் போய்ச் சேர வேண்டும், கத்தவும் கூடாது. அந்த வித்தையைத்தான் முதலில் கற்றுக்கொடுத்தார்கள்.

அடியும் இருந்தது. இரங்கல் எழுதுகிறோம் என்பதற்காக அதை மறைத்தால் போனவருக்கே பிடிக்காது. பிரம்பு இருந்தது, வீட்டு ஏக்கம் இருந்தது, இரவோடு இரவாக ஓடிப்போன பையன்களும் அவர்களைத் தேடிப் பிடித்து வந்த ஆட்களும் இருந்தார்கள். நல்ல சாரீரம் உள்ள பிள்ளையை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனி ஆசைகாட்டிக் கடத்திக்கொண்டு போனதும் உண்டு. வி.சி. கணேசன் என்ற சிறுவன் திருச்சியில் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சேரும்போது தனக்குத் தாய் தகப்பன் இல்லையென்று பொய் சொல்லிச் சேர்ந்தான். உயிரோடு இருக்கிற அப்பா அம்மாவை இல்லையென்று சொல்லவைக்கிற அளவுக்கு அந்த மேடையில் என்னவோ இருந்திருக்கிறது. சிவாஜி என்று உலகம் அழைத்த பிறகும் அதை அவர் ஒளிக்காமல் சொன்னார்.

எல்லாவற்றிலும் கொடுமையானது மகரக்கட்டு. பதின்மூன்று பதினான்கு வயதில் ஒரு நாள் காலை ஆர்மோனியத்துக்கு முன்னால் உட்காருகிற பையனுக்கு நேற்று எட்டிய சுருதி இன்று எட்டாது. தொண்டை இரண்டாகப் பிரிந்து ஒன்று கரகரக்கும், ஒன்று கீச்சிடும். ஊரெல்லாம் நோட்டீசில் பெயர் பார்த்த ஸ்திரீபார்ட், ஒரே வாரத்தில் கூட்டத்தில் ஒரு சேவகனாகிவிடுவான். அவனுடைய புடவையும் நகையும் அடுத்த பையனுக்குப் போகும். ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியின் பி.யு. சின்னப்பா அப்படிக் குரல் உடைந்து வெளியே வந்தவர்தான். சிலம்பம், பளு தூக்குதல் என்று உடம்பை வளர்த்து, பாட்டையும் திரும்பப் பிடித்து, 1940-ல் உத்தமபுத்திரன் படத்தில் இரட்டை வேடத்தில் நின்றார். திரும்பப் பிடிக்க முடியாதவர்களே அதிகம். அவர்கள் என்ன ஆனார்கள் என்பது எந்தச் சினிமாப் புத்தகத்திலும் இல்லை. நம் கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் அதற்கு ஒரு பதில் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பள்ளத்தாக்கைச் சொல்ல வேண்டும். பெரியாறு அணை 1895-ல் திறந்து மேற்கே பாய வேண்டிய தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே வந்த பிறகு, கூடலூர் தொடங்கிச் சின்னமனூர், வீரபாண்டி வரை இருபோக நெல் நிலைத்தது. அறுப்பு முடிந்த கையில் காசு, காலியான களம், சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. நாடகத்துக்கு வேறென்ன வேண்டும். 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. ஏலக்காயும் பருத்தியும் ஏற்றிப் போன அந்தத் தடம் மதுரையை நம் பக்கத்து ஊராக்கியது. ஒரு முறை கம்பெனி நாடகம் பார்த்துவிட்டு வந்தவன், பார்க்காதவர்களுக்கு அதை முழுவதும் நடித்துக் காட்டும் இரவுகளில் களத்து மேட்டில் இன்னொரு நாடகமே நடந்துவிடும்.

பள்ளத்தாக்கில் ஒரு பெரிய மாற்றத்துக்கு பாய்ஸ் கம்பெனியும் ஒரு காரணம் என்று இப்போது சொன்னால் நம்ப மாட்டார்கள். கார்த்திகை பிறந்தால் தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், குமுளி என்று சாலை முழுக்கக் கறுப்பு வேட்டி. அந்த இரண்டு மாத வியாபாரத்தை நம்பி இருக்கும் கடைகள் எத்தனை. தமிழ்நாட்டில் சபரிமலை பக்தி இவ்வளவு பரவியதற்கு நவாப் ராஜமாணிக்கம் தன் பையன்களை வைத்து ஊர் ஊராக நடத்திய ஐயப்பன் நாடகம் முக்கியமான காரணம். பக்த ராமதாசில் நவாப் வேடம் கட்டி அந்தப் பெயரையே வாங்கிக்கொண்டவர்; ஏசுநாதரையும் மேடையேற்றியவர்; ஒழுக்கம் என்றால் ராணுவம்தான். அவர் கம்பெனியில் சிறு வயதில் சேர்ந்த எம்.என். நம்பியார் பிற்காலத்தில் திரையில் வில்லனாகவும் மலையில் குருசாமியாகவும் பேர் வாங்கினார். 1950-ல் சபரிமலைக் கோயில் தீயில் எரிந்தபோது, இன்று அங்கே இருக்கும் ஐம்பொன் சிலையைச் செய்து கொடுக்க முன்னின்றவர் நம் உத்தமபாளையத்தில் பிறந்த பி.டி. ராஜன். ஆக, சாமியை ஊர்களுக்குக் கொண்டுவந்த நாடகமும் கோயிலுக்குப் போன சிலையும் மதுரைச் சீமையிலிருந்தே புறப்பட்டிருக்கின்றன. இரண்டும் போய்வந்த வழியில்தான் நாம் குடியிருக்கிறோம்.

நம் பெரியவர் பாய்ஸ் கம்பெனிக்கு நோய் கண்டது 1931-க்குப் பிறகு, படம் பேசத் தொடங்கியதிலிருந்து. முதலில் அது நோயாகவே தெரியவில்லை; சம்பந்தம் கூடி வந்ததுபோல் இருந்தது. சண்முகம் உள்ளிட்ட டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகமே 1935-ல் மேனகா என்ற படமாயிற்று. குழுவே போய் நடித்துவிட்டு வந்தது. 1936-ல் வந்த சதிலீலாவதி படத்தில் நடித்த என்.எஸ். கிருஷ்ணன், எம்.ஜி. ராமச்சந்திரன், டி.எஸ். பாலையா எல்லாரும் நாடகக் கம்பெனிகளில் விளைந்த கதிர்கள். பிறகு போனவர்கள் திரும்பி வரவில்லை. ஊரில் நாடகக் கொட்டகை இருந்த இடத்தில் டூரிங் டாக்கீஸ் வந்தது. அதே மணல் தரை, அதே தரை டிக்கட், வசனமும் அதே தொண்டைகளிலிருந்து. 1950-களில் டி.கே.எஸ். போன்ற பெரிய சபைகளே நிரந்தர முகாம்களைக் கைவிட்டு, அழைத்தால் நடத்தும் குழுக்களாகச் சுருங்கின. அவ்வையார் வேடத்துக்காகத் தன் பல்லையே பிடுங்கிக்கொண்ட சண்முகம், 1972-ல் எனது நாடக வாழ்க்கை என்ற பெரிய புத்தகத்தை முடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆண்டே போய்ச் சேர்ந்தார். நவாப் 1974-ல் காலமானார். உயில் எழுதிவைத்துவிட்டுப் போன மாதிரிதான்.

சினிமா கொன்றது என்று சொல்லிவிட்டால் கதை எளிதாக முடிந்துவிடும். எனக்கு அது பாதிக் காரணமாகவே படுகிறது. ஒரு தாய் தன் ஏழு வயது மகனை ஏன் கம்பெனிக்குக் கொடுத்தாள் என்று கேட்டால் பதில் கலை இல்லை, சோறு. கும்பகோணத்தில் வறுமை தாங்காமல் அண்ணன் சக்ரபாணியோடு ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போன எம்.ஜி.ஆர். அதை ஒருநாளும் மறக்கவில்லை. கம்பெனி மூன்று வேளைச் சாப்பாடு போட்டது, கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தது, கொஞ்சம் சம்பளமும் வீட்டுக்குப் போனது. காமராசர் 1956-ல் பள்ளியில் மதிய உணவு கொண்டுவந்ததும் அந்தத் தாய்க்கு வேறு வழி கிடைத்தது. 1982 ஜூலை 1-ல் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தவர் அதே பாய்ஸ் கம்பெனிப் பையன். சின்ன வயதில் தான் பட்ட பசியைத்தான் காரணமாகச் சொன்னார். பெரியவர் போட்ட சோற்றில் வளர்ந்த பிள்ளை, இனி எந்தப் பிள்ளையும் சோற்றுக்காக வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை என்று செய்துவிட்டுப் போனது. இப்படி ஒரு சாவுக்கு அழலாம். வழக்குப் போட முடியாது.

கம்பெனியில் வளர்ந்த பிள்ளைகளை நம் பள்ளத்தாக்கு வெறுங்கையோடு அனுப்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சேடபட்டியில் பிறந்து டி.கே.எஸ். நாடகக் குழுவில் வளர்ந்த எஸ்.எஸ். ராஜேந்திரன் 1962-ல் தேனித் தொகுதியில் நின்று ஜெயித்தார். சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் சினிமா நடிகர் என்ற பேரை அவருக்குக் கொடுத்தது இந்த ஊர். 1980-ல் அவரையே ஆண்டிபட்டி தேர்ந்தெடுத்தது. 1984-ல் அதே ஆண்டிபட்டி, நியூயார்க் புரூக்ளினில் ஒரு மருத்துவமனையில் படுத்திருந்த எம்.ஜி.ஆரை, அவர் ஓட்டுக் கேட்டு வராமலே ஜெயிக்கவைத்தது. ஆண்டிபட்டிக்காரர்கள் ஓட்டுப் போட்டது சினிமாக்காரருக்குத்தான். ஆனால் மேடையில் தமிழை நிறுத்திப் பேசி, பத்தாயிரம் பேர் கூட்டத்தில் கடைசி ஆளையும் தன்னைத்தான் பார்க்கிறார் என்று நினைக்கவைக்கிற பயிற்சி எந்த வீட்டில் கிடைத்தது என்று கேட்டால், மறுபடி கம்பெனி வீட்டு வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

இப்போது அந்த மகரக்கட்டுக்காரர்கள். பேர் பெறாமல் வெளியே வந்த பையன்கள் பலர் நாடக வாத்தியார்கள் ஆனார்கள். நான் பார்த்த வாத்தியார் ஒருவர் பங்குனி பிறந்ததும் ஒரு டிரங்குப் பெட்டியோடும் காலால் அமுக்கும் ஆர்மோனியத்தோடும் எங்கள் ஊர் வந்து சாவடியில் தங்குவார். பெட்டிக்குள் சுவாமிகளின் வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி எல்லாம் கோடு போட்ட நோட்டில், அவர் கையெழுத்தில் இருக்கும். ஊர்த் திருவிழாவுக்கு இளவட்டங்கள் நடிக்க, அவர் சொல்லிக்கொடுப்பார். சாப்பாடு வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்து. பையன்களைச் சாவடியின் ஒரு கோடியில் நிறுத்திவிட்டுத் தான் தெருக் கடைசியில் இருந்த புளியமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டு வசனம் சொல்லச் சொல்வார். கேட்காவிட்டால் கையைத் தூக்குவார். கத்தினால் இரண்டு கையையும் தூக்குவார். ஒரு கையும் தூக்காமல் வெற்றிலையை மடிக்க ஆரம்பித்துவிட்டால் வசனம் சரி. காட்டு வேலை முடிந்து வந்தவர்கள் அதையே வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நடக்கவே தெரியாமல் நடக்கிறவனை அவர் வெறும் தெருவில் ராஜநடை நடக்கவைக்கும்போது சிரிப்பு வரும். திருவிழா இரவில் அவனே படுதாவை விலக்கிக்கொண்டு வரும்போது சிரிப்பு வராது. பண்ணைபுரத்து இளையராஜா சகோதரர்களும் அல்லிநகரத்து பாரதிராஜாவும் சென்னைக்குப் போகுமுன் நாடகம் போட்ட மண் இது. ஊர் நாடகம் என்ற வழக்கம் இங்கே அவ்வளவு ஆழமாக வேர் பிடித்ததற்கு இப்படிப்பட்ட பெட்டிக்கார வாத்தியார்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

அவர்களுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு நாடகம் என்பதைப் புதிதாக யோசித்தவர்கள் இல்லாமல் இல்லை. 1977-ல் பக்கத்துக் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பட்டறையில் முன்னின்ற பேராசிரியர் சே. இராமானுஜம், பின்னர் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி குழந்தைகள் நாடகத்துக்காக நிறையவே உழைத்தார். புதுச்சேரியில் வேலு சரவணன் ஆழி என்ற குழுவை வைத்துக் கடல் பூதம் போன்ற நாடகங்களைப் பள்ளி பள்ளியாகக் கொண்டுபோனார். இவர்கள் பிள்ளைகளைப் பிரம்பில்லாமல் நடிக்கவைத்தவர்கள். வீட்டை விட்டுப் பிரிக்காதவர்கள். மகரக்கட்டு உடைந்தவனைச் சேவகனாக்காதவர்கள். பாய்ஸ் கம்பெனியின் குற்றங்களையெல்லாம் திருத்தியவர்கள் என்று சொல்லலாம். ஆனால் வருகிறவர்கள் ஒரு நாளோ ஒரு வாரமோ இருந்துவிட்டுப் போகிறார்கள். கம்பெனி ஏழு எட்டு வருடம் பிள்ளையைக் கையில் வைத்திருந்தது. பள்ளிக்கூடம் சோற்றை எடுத்துக்கொண்டது, எழுத்தை எடுத்துக்கொண்டது, பாட்டையும் வசனத்தையும் மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளாத சாமானாக வாசலிலேயே விட்டுவிட்டது. இன்று நம் ஊர்ப் பள்ளிகளில் ஆண்டு விழா என்றால் சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டு வாயசைக்காமல் ஆடுவது. பிள்ளைகள் நன்றாகவே ஆடுகிறார்கள். குரல்தான் கேட்பதில்லை.

ஸ்பெஷல் நாடகம் இன்னும் இருக்கிறது. வள்ளி திருமணம் என்று போட்ட நோட்டீஸ் திருவிழாக் காலத்தில் சுவர்களில் தெரியும். ஆறேழு முகங்கள் வரிசையாக, ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று கீழே எழுதி. இரவு பத்துக்குத் தொடங்கி விடியும்வரை நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்வார்கள். சுவாமிகள் பிள்ளைகளைத் தேடிப் போனது எந்தத் தர்க்கத்துக்குப் பயந்தோ அதே தர்க்கம்தான் இன்றைக்குக் கூட்டத்தை உட்காரவைக்கிறது என்பதைப் பார்த்தால் பெரியவருக்கே சிரிப்பு வந்திருக்கும். அந்த மேடையில் நிற்பவர்களில் பலருக்குப் பாடம் சொன்னவர்கள் பாய்ஸ் கம்பெனி வாத்தியார்களின் பிள்ளைகளோ சீடர்களோதான். எங்கள் சாவடிக்கு வந்த வாத்தியாரின் மகன் நாடகத்துக்கு வரவில்லை. அவனை அவர் ஆர்மோனியத்தைத் தொடவே விட்டதில்லை, படிக்கவைத்தார். பேருந்துக் கழகத்தில் வேலை கிடைத்து, இப்போது ஓய்வும் பெற்றாயிற்று. பஸ்ஸில் ஊர்ப் பேர் சொன்னால் கடைசி சீட் வரை கேட்குமாம்.